31 விழுக்காடு ஒப்புமை: விரிவுரையாளரைச் சந்திக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நான் பாலர்பள்ளி ஆசிரியை. இங்குள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றின்வழி, பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டப்படிப்பைப் பகுதிநேரமாகப் படித்து வருகிறேன். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைக்கு, டர்னிட்டின் (Turnitin) என்னும் ஒப்பீட்டு மென்பொருள் 31 விழுக்காடு ஒப்புமை காட்டியிருப்பதாகச் சொல்லி, விரிவுரையாளர் அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பத்திகளை ஒரு தமிழ் நூலிலிருந்து மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பு என் சொற்கள்தானே என்று எண்ணி நூலின் பெயரைக் குறிப்பிடவில்லை. டிப்ளோமா படித்தபோது எழுதிய கட்டுரையிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தைச் சரிபார்க்க கிராமர்லி பயன்படுத்தினேன். இது எழுத்துத் திருட்டாகிவிடுமா? சந்திப்பில் என்ன சொல்வது?"

அந்த 31 என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம். டர்னிட்டின் திருட்டை அளப்பதில்லை. ஒப்படைக்கப்பட்ட கோப்பில் உள்ள சொற்றொடர்களை இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள் உள்ளிட்ட வெளியீடுகள், முன்பு மற்ற மாணவர்கள் ஒப்படைத்த கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மேற்கோள் குறிக்குள் முறையாக எடுத்தாண்ட வரிகள், கட்டுரை முடிவில் வரும் துணைநூற்பட்டியல், வினாவிலிருந்து அப்படியே எடுத்தெழுதிய தலைப்பு ஆகியவற்றை விலக்கும்படி விரிவுரையாளர் அமைத்திராவிட்டால் அவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே 31 விழுக்காடு பெற்ற கட்டுரை குற்றமற்றதாக இருக்கலாம். 4 விழுக்காடு பெற்ற கட்டுரை முழுவதும் களவாகவும் இருக்கலாம். இத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று மாணவர்களிடையே உலவும் கணக்கை நம்பாதீர்கள். அனுபவமுள்ள விரிவுரையாளர் அறிக்கையைத் திறந்து, வண்ணமிட்ட பகுதிகள் சிறு துணுக்குகளாகச் சிதறியிருக்கின்றனவா, ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த 31 விழுக்காட்டில் பெரும்பங்கு உங்கள் டிப்ளோமாக் கட்டுரையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டுரையும் டர்னிட்டின் வழியாக ஒப்படைக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்தால், அறிக்கையில் அது வேறொரு கல்வி நிலையத்தின் மாணவர் கட்டுரை என்றுதான் தோன்றும். அந்தக் கல்வி நிலையத்திடம் கேட்டுப் பெறாமல் உங்கள் விரிவுரையாளரால் அதைத் திறந்து படிக்க இயலாது. அதன் ஆசிரியர் நீங்களே என்பதும் அவருக்குத் தெரியாது. வேறு யாரோ ஒரு மாணவரின் கட்டுரையை நீங்கள் நகலெடுத்ததாகவே அவர் இப்போது நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே சந்திப்பின் தொடக்கத்திலேயே, அவர் கேட்கும்வரை காத்திராமல், அந்தப் பழைய கட்டுரையின் கோப்பையும் அதற்குக் கிடைத்த மதிப்பெண் பதிவையும் அவர் முன் வையுங்கள்.

அதனால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது. நான் எழுதியதை நானே எடுத்துக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். மதிப்பிடப்பட்ட ஒரே உழைப்புக்கு இரண்டாம் முறை மதிப்பெண் கேட்பதைத்தான் கல்வி நிலையங்கள் தவறென்று கொள்கின்றன. முன்கூட்டியே விரிவுரையாளரிடம் அனுமதி பெற்று, வெளியிடப்படாத சொந்தக் கட்டுரை என்று சான்று காட்டி, புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்பதையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தால், பெரும்பாலான விரிவுரையாளர்கள் மறுத்திருக்க மாட்டார்கள்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றுள் கனமானது இதுவே. ஆனால் அந்த 31 விழுக்காட்டில் இதற்குப் பங்கே இல்லாமலிருக்கலாம். சொற்களை ஒப்பிடும் மென்பொருள், தமிழ் அச்சு நூல் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிய பத்தியை அடையாளம் காண்பது அரிது. ஆனால் அந்தப் பத்திகளில் உங்களுடையவை ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. எதை முதலில் சொல்வது, எதை எதோடு இணைப்பது, எந்த எடுத்துக்காட்டைத் தருவது, என்ன முடிவுக்கு வருவது ஆகிய அனைத்தும் அந்த நூலாசிரியர் செய்தவை. அவர் பெயரின்றி அவை உங்கள் கட்டுரையில் நிற்கும்போது, படிப்பவர் அந்தச் சிந்தனை உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறார். எழுத்துத் திருட்டு என்பது இதுதான். மொழி மாறியதால் அது மாறுவதில்லை. தமிழிலிருந்து எடுத்தால் ஆங்கிலப் பேராசிரியருக்குத் தெரியாது என்ற துணிவில் சிலர் இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த எண்ணம் தெரியவில்லை. ஆயினும் விசாரிப்பவர் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது, நீங்களாக முன்வந்து சொல்வதைப் பொறுத்தே அமையும். அறிக்கையில் வண்ணமிடப்படாத பகுதியை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அந்த அறிவுரையைக் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த நூலை அறிந்த ஒரு தேர்வாளர் பின்னொரு நாளில் கண்டுபிடித்தால், அறியாமையால் நேர்ந்தது என்ற விளக்கத்துக்கு அப்போது மதிப்பிருக்காது.

இதைச் செய்திருக்க வேண்டிய முறை எளிதானது. சான்று காட்டுவதற்கான ஏபிஏ (APA) முறையின் 7ஆம் பதிப்பைப் பின்பற்றும் பாடமென்றால், நீங்களே மொழிபெயர்த்த பகுதி நேரடி மேற்கோளாகக் கருதப்படுவதில்லை, கருத்தெடுப்பாகவே, அதாவது பிறர் கருத்தை உங்கள் சொற்களில் சொல்வதாகவே கருதப்படும். மேற்கோள் குறி தேவையில்லை, ஆசிரியர் பெயரும் ஆண்டும் கட்டாயம் தேவை. பக்க எண்ணையும் தந்துவிடுவது நல்லது. பிறர் மொழிபெயர்த்து வெளியான நூலிலிருந்து சொற்களை அப்படியே எடுத்தால் மட்டுமே மேற்கோள் குறி வரும். 40 சொற்களும் அதற்கு மேலும் என்றால் குறியின்றித் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும். வேறு முறைகளில் விதி சற்று மாறும் என்பதால் பாடக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே மொழிக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. ஒரு நூலில், "இளம் பெற்றோர் தாத்தா பாட்டியுடன் தமிழிலும் பிள்ளைகளுடன் ஆங்கிலத்திலும் பேசுவதால், ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழிச் சூழல்கள் உருவாகின்றன" என்று இருப்பதாகக் கொள்வோம். அதை ஒரு மாணவர், "இளவயது தாய் தந்தையர் முதியவர்களுடன் தமிழிலும் குழந்தைகளுடன் ஆங்கிலத்திலும் உரையாடுவதால், ஒரே இல்லத்தில் இருவேறு மொழிச் சூழல்கள் தோன்றுகின்றன" என்று மாற்றுகிறார். பல சொற்கள் மாறியிருக்கின்றன. வாக்கியத்தின் எலும்புக்கூடு அதேதான். இவ்வாறு ஒட்டுப்போட்டு எழுதுவதை 1990களிலேயே ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரெபெக்கா மூர் ஹோவர்ட், புதிய துறையின் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் கடந்துவரும் ஒரு படிநிலையாக இதைக் காண வேண்டும், இதைத் தண்டனைக்குரிய வஞ்சகமாக மட்டும் பார்க்கக்கூடாது என்று வாதிட்டார். நான் அவர் பக்கம்தான். ஆனால் மதிப்பெண் இடுபவர்கள் எல்லாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நூலை மூடிவைத்துவிட்டு, அது சொல்வது உங்களுக்கு எதைக் காட்டியது என்று எழுதினால், "பேசும் மொழி தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது என்று இந்நூலாசிரியர் காட்டுகிறார், என் வகுப்பில், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது" என்பது போன்ற வாக்கியம் வரும். கருத்தும் அதன் உரிமையாளரும் அதில் தெரிகிறார்கள், நீங்களும் தெரிகிறீர்கள்.

உங்கள் தலைப்பில் எண்களைப் பற்றியும் கவனம் தேவை. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழ் ஒன்று என்பதற்குச் சான்று வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்தது. ஆனால் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாகவும் 2020இல் 2.5 விழுக்காடாகவும் இருந்தனர் என்று எழுதினால், அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தகவல்; சான்று கட்டாயம். அந்த எண்ணை நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் பார்த்துவிட்டு, கணக்கெடுப்பு அறிக்கையையே படித்ததுபோல் குறிப்பிடுவதும் நேர்மையாகாது. அறிக்கையைத் தேடிப் படியுங்கள், அல்லது நாளிதழ் வழியாக அறிந்ததென்று சொல்லுங்கள்.

காப்புரிமையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாரதியாரின் எழுத்துகளின் உரிமையை 1949இலேயே சென்னை அரசு பெற்று, பின்னர் பொதுவுடைமையாக்கியது. அவற்றை எடுத்தாள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் வரியை அவர் பெயரின்றிக் கட்டுரையில் சேர்த்தால் அது திருட்டே.

கிராமர்லி பற்றிய அச்சம் பகுதியளவில்தான் நியாயமானது. எழுத்துப்பிழையையும் இலக்கணப் பிழையையும் சுட்டிக்காட்டியதை நீங்கள் திருத்தியிருந்தால், பெரும்பாலான பாடங்களில் அதற்குத் தடையில்லை. ஆனால் அதே கருவி இன்று முழு வாக்கியத்தையும் பத்தியையும் புதிதாக எழுதித் தருகிறது. அந்த வசதியைப் பயன்படுத்தினீர்களா என்பதே கேள்வி. 2025 ஜூன் மாதத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவருக்கு, கட்டுரையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகச் சுழியம் வழங்கப்பட்டதும் அதை எதிர்த்து எழுந்த வாதங்களும் செய்திகளில் பெரிதாக அடிபட்டன. சான்றுப்பட்டியலை அகரவரிசைப்படுத்த ஓர் இணையக் கருவியை நாடுவதும் அதில் அடங்குமா என்பது அங்கு எழுந்த கேள்விகளில் ஒன்று. கண்டறியும் மென்பொருள்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய 7 கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபெல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் காட்டின. அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியையே விலக்கிக்கொண்டது. உங்கள் மீது அந்த ஐயம் எழுந்தால், வேறொரு மென்பொருளின் முடிவைக் காட்டி வாதிடுவதால் பயனில்லை. நீங்கள் எழுதிய வழித்தடத்தைக் காட்டுவதே பயன் தரும்.

ஆகவே இன்றே அந்தத் தடத்தைத் திரட்டத் தொடங்குங்கள். கூகல் டாக்ஸில் எழுதியிருந்தால் திருத்த வரலாறு அதில் இருக்கும். வேர்டு கோப்பை ஒன்டிரைவில் சேமித்திருந்தால் அதன் முந்தைய வடிவங்கள் கிடைக்கும். கைக்குறிப்புகள், நூலகத்தில் இரவல் வாங்கிய பதிவு, அந்தத் தமிழ் நூலின் உரிய பக்கங்கள் ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள். எதையும் அழிக்காதீர்கள், பதற்றத்தில் பழைய கோப்புகளை நீக்குவது, மறைக்க முயன்றதாகவே தோன்றும். விரிவுரையாளருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி, இது விளக்கம் கேட்கும் உரையாடலா, முறையான விசாரணையா என்றும், டர்னிட்டின் அறிக்கையை முன்கூட்டியே பார்க்க இயலுமா என்றும், முறையான விசாரணையென்றால் உடன் ஒருவரை அழைத்துவர இடமுண்டா என்றும் பணிவாகக் கேளுங்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்திப்பில் மூன்று செய்திகளையும் வரிசையாகச் சொல்லுங்கள்: பழைய கட்டுரையிலிருந்து எடுத்த பகுதி எது, மொழிபெயர்த்த பத்திகள் எவை, எந்த நூலிலிருந்து எடுத்தவை, கிராமர்லியை எந்த அளவுக்குப் பயன்படுத்தினீர்கள். "தெரியாமல் செய்துவிட்டேன்" என்பதைச் சொல்லலாம், ஆனால் அதையே கேடயமாகப் பிடிக்க வேண்டாம். உள்நோக்கம் இல்லாமை தண்டனையைக் குறைக்க உதவுமே தவிர, பல பல்கலைக்கழகங்களில் குற்றம் நிகழவில்லை என்று ஆக்கிவிடாது. வேலை, பிள்ளைகள், இரவு வகுப்பு என்ற நெருக்கடிகளைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் உண்மைகளைச் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள்.

பட்டத்தை வழங்குவது பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் என்பதால், இங்குள்ள கல்வி நிலையத்தின் கையேட்டோடு அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிமுறையையும் தேடிப் படியுங்கள். இறுதி முடிவு பெரும்பாலும் அதன்படியே அமையும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவும், சான்று காட்டத் தெரியாமையால் நேரும் பிழையையும் ஏமாற்றும் நோக்கில் செய்யும் ஒழுங்கீனத்தையும் தனித்தனியே வகைப்படுத்துகின்றன. முதல் வகையில் மதிப்பெண் குறைப்பும் சான்று காட்டும் பயிற்சியும் போதுமானதாகலாம். இரண்டாம் வகையில் அந்தப் பாடத்துக்குச் சுழியம் முதல் படிப்பிலிருந்து நீக்கம் வரை செல்லலாம். முடிவு கடிதமாக வந்தால், மேல்முறையீட்டுக்கான கெடு தேதியை முதலில் பாருங்கள். அது பெரும்பாலும் குறுகியது.

கடைசியாக ஒன்று. தமிழ்ப் பெயர்களைச் சான்றுப்பட்டியலில் எழுதுவதில் நம் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். நம் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயரைக் குறிப்பதால், கோ. சாரங்கபாணியைச் 'சாரங்கபாணி, கோ.' என்று அவருடைய சொந்தப் பெயரில்தான் பட்டியலிட வேண்டும். ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூலின் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்புக்குறிக்குள் தருவது ஏபிஏ முறை. இம்முறையில் அந்த இரண்டு பத்திகளுக்கும் உரிய சான்றுகளை ஒரு தனித்தாளில் எழுதி, சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். விரிவுரையாளர் மறுபடி ஒப்படைக்கச் சொல்லும்வரை, ஏற்கெனவே ஒப்படைத்த கோப்பில் கைவைக்க வேண்டாம்.