உண்ணிச்செடிப் பழத்தைப் பறவைகள் தின்கின்றன, பிள்ளைகள் தின்னலாமா?

வேளச்சேரி காலிமனைப் புதரில் சின்னான் குருவியும் மைனாவும் தின்னும் பழத்தைப் பிள்ளைகள் தின்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பறவைக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உண்ணிச்செடியின் கொத்தில் மிளகளவு காய்கள் பச்சையாக இருந்து, பழுத்ததும் பளபளப்பான கருநீலமாகும். ஆபத்து பச்சைக் காயில்தான். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் வரலாம். இலையிலும் நஞ்சு உண்டு. மேயும் மாட்டுக்குக் கல்லீரலே கெட்டுப்போகும். நன்கு கனிந்த பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் தின்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்திருக்க, மூன்று வயசுப் பிள்ளை பார்த்தா பறிக்கும்?

பறவை கனிந்ததாகப் பார்த்து முழுசாக விழுங்குகிறது. சதை செரிக்கும், கெட்டியான கொட்டை அப்படியே எச்சத்தோடு வெளியே வரும். கேபிள் ஒயருக்குக் கீழேயும் காம்பவுண்டு ஓரத்திலும் யாரும் நடாமலே இது முளைப்பது அப்படித்தான். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று காடுகளையே அடைத்து நிற்கிறது.

பிள்ளை பச்சைக் காயைத் தின்றுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாயைக் கழுவிவிட்டு, ஒரு கொத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.