பால் கக்குற 42 நாள் குழந்தை: தாய்ப்பாலை நிறுத்தணுமா டாக்டர்?

நிறுத்த வேண்டாம்மா. முதல்ல அதைச் சொல்லிடறேன். விக்கல், நெளியிறது, மூக்கு வழியா பால் வர்றது, சாயங்காலம் அழுகைன்னு மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க, நடுவுல ஒரே ஒரு இடத்துல "என் பாலே என் பிள்ளைக்கு ஆகலையோன்னு ராத்திரி தூக்கம் வரல"ன்னு போட்டுட்டு அப்படியே தாண்டிப் போயிட்டீங்க. எனக்கு அந்த வரிதான் கண்ணுல நிக்குது. உங்க பால் உங்க பிள்ளைக்கு நல்லா ஆகுது.

நீங்க கொடுத்த எடையையே பாருங்க. பிறந்தப்போ 2.9 கிலோ, 42வது நாள் 4.1 கிலோ. 1200 கிராமை 42ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 28 கிராமுக்கு மேல வருது, முதல் வாரத்துல எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இளைச்சுதான் அப்புறம் ஏறும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இந்த வயசுல 25லேர்ந்து 30 கிராம் ஏறினா நாங்க திருப்தியா இருப்போம். ஒண்ணுக்கும் ஏழெட்டு தடவை போறான். குடிச்சதெல்லாம் வெளிய வந்துடுதுன்னு வீட்டுல சொல்றாங்கன்னா, ஒரு ஸ்பூன் பாலைத் துணியில ஊத்திக் காட்டுங்க, ஈரம் எவ்வளவு தூரம் படருதுன்னு அவங்களே பார்க்கட்டும்.

உணவுக்குழாய் வயித்துல சேர்ற இடத்துல சுருக்குப்பை வாய் மாதிரி இறுகிக்கிற தசை ஒண்ணு இருக்கு, பச்சக்குழந்தைக்கு அது அடிக்கடி தானா தளர்ந்துக்கும், குழாயும் நீளம் கம்மி, சாப்பாடு முழுக்க பால், நாள் பூரா படுத்தே கிடக்குற உடம்பு, அதனாலதான் எதுக்களிக்குது. மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் தினமும் ஒரு தடவையாவது கக்குவாங்க. நாலு மாசம் வாக்குல இன்னும் கொஞ்சம் கூடும், அப்போ பயந்துடாதீங்க, ஒரு வயசுக்குள்ள பெரும்பாலும் நின்னுடும். தயிர் மாதிரி திரிஞ்சு வர்றது வயித்து அமிலம் பட்டதால, அஜீரணம் இல்ல. விக்கலுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். மூக்கு வழியா வந்தா துணியால துடைச்சா போதும், குளிப்பாட்ட வர்ற அம்மா மூக்குல ஊதுறதையும் தொண்டையில விரல் விட்டு சளி எடுக்குறதையும் மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. பால் கொடுத்ததும் தோள்ல போட்டு இருபது முப்பது நிமிஷம் நிமிர்த்தி வெச்சிருங்க, தூங்க வைக்கிறப்போ தலகாணி இல்லாம மல்லாக்கதான் படுக்க வைக்கணும். குப்புறப் போட்டா கக்காதுன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, குப்புறப் படுக்குற குழந்தைக்கு தூக்கத்துலயே மூச்சு நின்னு போற ஆபத்து அதிகம்.

இப்போ நான் நிஜமா பயப்படுற விஷயத்துக்கு வர்றேன். மூணு பக்கத்துல அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கூட இல்ல. வாந்தியோட நிறம் என்னன்னு நீங்க எழுதவே இல்ல.

வெள்ளையா வரட்டும், திரிஞ்சு வரட்டும், கவலைப்பட மாட்டேன். பச்சையா, கீரை மசிச்ச தண்ணி மாதிரி பச்சையா, ஒரே ஒரு தடவை வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்பணும். கருவுல இருக்கும்போதே குடல் சுத்தி வந்து தன் இடத்துல படியணும், சில குழந்தைங்களுக்கு அது சரியா படியாம தொங்கிட்டே இருக்கும், வெளிய ஒரு அடையாளமும் தெரியாது, திடீர்னு ஒரு நாள் முறுக்கிக்கும். குடலுக்கு வர்ற ரத்தக்குழாயும் கூடவே முறுக்கிக்கும்கிறதால சில மணி நேரத்துல குடல் அழுக ஆரம்பிச்சுடும். பெரும்பாலும் முதல் மாசத்துலயே இது வரும், ஆனா ஒரு மாசம் தாண்டிட்டா வராதுன்னு கிடையாது. ஆரம்பத்துல வயிறு மெத்துன்னுதான் இருக்கும், குழந்தை பாலும் கேட்கும், அதுதான் வீட்டுல இருக்கறவங்களை ஏமாத்தும். குடல் ஏத்தம்னு வயித்தைத் தட்டிட்டு, தொக்கம் எடுக்கப் போயிட்டு, உரம் எடுக்கப் போயிட்டு மறுநாள் எங்ககிட்ட வந்த குழந்தைங்களை நான் பார்த்திருக்கேன்மா. நேரத்துக்கு வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி முழுசா காப்பாத்தியிருக்கலாம்னு அந்தப் பெத்தவங்ககிட்ட சொல்ல வாய் வராது. அதனால பச்சையா வந்தா பால் கொடுக்காம, அந்தத் துணியையும் கையில எடுத்துக்கிட்டு, குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் 108ஐக் கூப்பிடுங்க. மஞ்சளா பச்சையான்னு சந்தேகமா இருந்தாலும் பச்சைன்னே வெச்சுக்கிட்டு கிளம்புங்க.

ஒவ்வொரு தடவை குடிச்சதும் தூரமா பீச்சி அடிச்சு, உடனே மறுபடி பசிச்சு அழுது, எடையும் நின்னு போச்சுன்னா அது வயித்துலேர்ந்து குடலுக்குப் போற வழியில வர்ற வேற அடைப்பு, உங்க பையன் அது வர்ற வயசுலதான் இருக்கான், அன்னிக்கே ஒரு ஸ்கேன் பார்த்துடலாம். எடை நல்லா ஏறுறதால இப்போதைக்கு அந்தப் பயம் இல்ல.

மலத்துல ஒரு நாள் மயிரிழை மாதிரி ரெண்டு ரத்தக் கோடு தெரிஞ்சதைப் பத்தி. முதல்ல ஆசனவாய்ல வெடிப்பு இருக்கான்னு ஒரு டாக்டர் பார்க்கட்டும், அதுவே பல நேரம் காரணமா இருக்கும். மறுபடி மறுபடி சளியோட ரத்தம் வந்தாதான் பால் அலர்ஜியான்னு யோசிக்கணும், அப்பவும் அலர்ஜி பசும்பாலுக்கு, உங்க பாலுக்கு இல்ல. நீங்க குடிக்கிற பால்ல இருக்குற புரதம் துளியூண்டு தாய்ப்பால்ல கலந்து போகும், அதைத்தான் குழந்தையோட குடல் ஏத்துக்காது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைங்கள்ல இது நூத்துக்கு ஒருத்தருக்குக் கூட வர்றதில்ல. அப்படியே வந்தாலும், டாக்டர் சொன்ன பிறகு, ரெண்டுலேர்ந்து நாலு வாரம் பால், தயிர், மோர், நெய், பன்னீர், பால் பவுடர் கலந்த சத்துமாவு, பிஸ்கட் இதையெல்லாம் நிறுத்திப் பார்ப்போம். ரத்தம் நின்னா மறுபடி சாப்பிடச் சொல்லுவோம், திரும்ப வந்தாதான் அலர்ஜின்னு உறுதி. ரத்தத்துல அலர்ஜி டெஸ்ட் பண்ணி பல ஆயிரம் செலவழிக்க வேண்டாம், இந்த வகை அலர்ஜி பெரும்பாலும் அதுல தெரியவே தெரியாது.

நீங்களோ இன்டர்நெட்டைப் பார்த்து பால், முட்டை, மீன், கோதுமை, கடலை, பருப்புன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க, அதுக்கு மேல வீட்டுப் பத்தியம் வேற. பிரசவமாகி ஒன்றரை மாசம் ஆன உடம்பும்மா அது. இன்னிக்கு ராத்திரியே முட்டையும் மீனும் பருப்பும் சாப்பிடுங்க, பாலும் குடிங்க.

வாங்கி வெச்சிருக்குற லாக்டோஸ் ஃப்ரீ பவுடரைத் திறக்கவே வேண்டாம். லாக்டோஸ் பால்ல இருக்குற சர்க்கரை, அலர்ஜி வர்றது புரதத்தால, அந்த டப்பாவுல புரதம் அப்படியேதான் இருக்கு. ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதம் மாதிரியேதான், உங்க அக்கா சொன்ன யோசனை ஆகாது.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி டொம்பெரிடோன்ங்கிற வாந்தி நிறுத்துற சொட்டு மருந்து அரை ஃபில்லர் கொடுத்தேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம் அதுதான். நம்ம ஊர்ல அந்த சொட்டு மருந்து ஒரு மில்லியில 10 மில்லிகிராம் இருக்கும், சிரப்ல ஒரு மில்லியில 1 மில்லிகிராம்தான், ரெண்டையும் மாத்தி அளந்தா பத்து மடங்கு டோஸ் உள்ள போயிடும். இதயத்துடிப்பையே தாறுமாறாக்கக் கூடிய மருந்து அது. சும்மா கக்குற குழந்தைக்கு அதால பிரயோஜனமும் இல்ல. இன்னையோட நிறுத்துங்க, கிரைப் வாட்டரையும் வசம்பு உரசிக் கொடுக்குறதையும் சேர்த்து நிறுத்துங்க. இது ரெண்டும் நிறுத்தினா அழுகை கூடுமோன்னு பயப்படாதீங்க, சாயங்கால அழுகை ஆறு வாரத்துலதான் உச்சத்துல இருக்கும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும்.

காய்ச்சல் அடிச்சா, பால் குடிக்க மறுத்தா, வயிறு உப்பினா, துவண்டு போனா, மலத்துல ரத்தம் நிறைய வந்தா காத்திருக்கக் கூடாது. அதெல்லாம் இல்லன்னா 45 நாள் ஊசிக்கு எப்படியும் போகத்தான போறீங்க, குழந்தையைத் துணியில்லாம அதே மெஷின்ல எடை பார்த்து எழுதி வாங்கிக்குங்க, ரத்தக் கோடு மறுபடி தெரிஞ்சா ஃபோன்ல படம் எடுத்து வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. அது வரைக்கும் அவன் கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்க.