ஆள் மாறினால் கதை மாறுமா? பேக்கரி பெஞ்சுக் கேள்வி பதில்

போன ஞாயிறு கோபி பேக்கரியில் கூடினோம். நெடுநாள் ஓடும் அறிவியல் புனைவுத் தொடர்களில் நடிகரும் எழுத்தாளரும் மாறுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டீ ஆறுவதற்குள் சீட்டுகள் குவிந்துவிட்டன. அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். வராதவர்கள் அப்புறம் அனுப்பியவையும் சேர்ந்திருக்கின்றன. இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவின் நாயகனாக நடித்தவர்களில் யார் சிறந்த டாக்டர் என்று கேட்காதீர்கள். இன்னார் ஏன் விலகினார் என்று கேட்டால், சம்பந்தப்பட்டவர்களே வெளியில் சொன்னது இருந்தால்தான் சொல்வேன். நானும் கதை கட்ட மாட்டேன், நீங்களும் கட்டாதீர்கள்.

சத்தியமங்கலம், கல்லூரி மாணவி: அண்ணா, டாக்டர் ஹூவில் நாயகனுக்கு உருவம் மாறுவது முதலிலேயே போட்ட திட்டமா?

இல்லை அம்மிணி, நெருக்கடியில் பிறந்தது. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடர் தொடங்கியபோது வில்லியம் ஹார்ட்னல்தான் டாக்டர். இவர் ஒரு நாள் வேறு ஆளாக மாறுவார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று வருஷத்தில் அவர் உடம்பு கெட்டது, வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதைய தயாரிப்பாளர் இன்னஸ் லாயிட் முன்னால் இருந்த சுலபமான வழி, அதே சாயலில் இன்னொரு கிழவரைப் பிடித்து அதே கோட்டை மாட்டிவிடுவது. அதைச் செய்யவில்லை. 1966 அக்டோபரில் 'தி டென்த் பிளானட்' கதையின் முடிவில் டாக்டர் கீழே விழுகிறார், முகம் வெளிச்சத்தில் கரைகிறது, அங்கே கிடப்பவர் பேட்ரிக் ட்ரௌட்டன். வயது குறைவு, குணம் வேறு, கையில் ஒரு குழலை வைத்துக்கொண்டு கோமாளித்தனம் பண்ணுகிறவர். முந்தினவரைப் போல நடிக்கச் சொல்லாமல் விட்டதுதான் இந்தத் தொடரை அறுபது வருஷம் தாண்டி இழுத்து வந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் பகுதியின் மூல நாடா இன்று பிபிசியிடமே இல்லை. உருவம் மாறும் சில நொடிகள் மட்டும் பிழைத்தன, அதுவும் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துப் போட்டதால். 'ரீஜெனரேஷன்' என்ற பெயர்கூட 1974இல், ஜான் பெர்ட்வீ போய் டாம் பேக்கர் வரும்போதுதான் வந்தது. 1976இல் ஒரு கதையில், பன்னிரண்டு முறைதான் மாறலாம் என்று எழுதிவிட்டார்கள். அதுவரைக்கும் எங்கே ஓடப்போகிறது என்ற தைரியம். 2013இல் அந்தக் கணக்கு வந்து முட்டியது. கதைக்குள்ளேயே டாக்டருக்குப் புதிதாக ஒரு சுற்றுக் கொடுத்துத் தப்பினார்கள்.

எல்லா மாற்றமும் அழகாக நடக்கவில்லை. 1986இல் கோலின் பேக்கரை நீக்கினார்கள். மாறுவதற்காக மட்டும் வந்துவிட்டுப் போங்கள் என்றதற்கு அவர் மாட்டேன் என்றுவிட்டார். அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்காய் தலையில் சுருள் விக் வைத்துக் கவிழ்த்துப் போட்டு ஒப்பேற்றினார்கள். ஒரு தடவை பாருங்கள், நம்ம ஊர்ப் பள்ளி ஆண்டுவிழா மாதிரியே இருக்கும்.

பவானி: டாக்டர் ஹூ எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்ங்ணா?

2005. கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் நடித்த சீசன். பதின்மூன்று பகுதிதான்.

பொள்ளாச்சி: நடிகர் மாறுவது பெரிய அடியா, எழுத்தாளர் மாறுவதா?

இதற்குத்தான் காத்திருந்தேன். எழுத்தாளர் மாறுவதுதான், சந்தேகமே வேண்டாம். முகம் மாறினால் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். திட்டுவோம், ஒரு மாசத்தில் பழகிவிடும். எழுதுகிற கை மாறினால் தெரியாது. என்னமோ சப்பென்று இருக்கிறதே என்று ஒரு வருஷம் முழுக்கக் குழம்பி, கடைசியில் பழியை நடிகர் தலையில் போடுவோம்.

டாம் பேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 1981 வரை ஏழு வருஷம், ஒரே முகம், ஒரே நீளத் துண்டு. ஆனால் அதற்குள் மூன்று தொடர்கள் இருக்கின்றன. முதல் மூன்று வருஷம் தயாரிப்பாளர் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப், ஸ்கிரிப்ட் எடிட்டர், அதாவது கதைகளைச் சீர்படுத்துகிறவர், ராபர்ட் ஹோம்ஸ். பழைய பேய்க்கதை வாசம் அடிக்கும், இருட்டும் பயமுமாக இருக்கும். மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மாள், குழந்தைகள் பார்க்கிற நேரத்தில் இதுவா என்று கொடி பிடித்தார். தயாரிப்பாளர் மாற்றப்பட்டார், வன்முறையைக் குறை என்று உத்தரவு. கிரஹாம் வில்லியம்ஸ் வந்தார், சிரிப்பு கூடியது. 1979இல் டக்ளஸ் ஆடம்ஸ் ஸ்கிரிப்ட் எடிட்டர் ஆனதும் நையாண்டியே பிரதானம். 1980இல் ஜான் நேதன் டர்னரும் கிறிஸ்டோபர் பிட்மீடும் பொறுப்பேற்றார்கள். சிரிப்பை ஒதுக்கிவிட்டு இயற்பியல் பாடம் எடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றிலும் நிற்பது அதே மனிதர்தான், ஆனால் 1976 கதை ஒன்றையும் 1979 கதை ஒன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள்.

அமெரிக்க விண்கலத் தொடரான ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் இது தலைகீழ். 1987இல் தொடங்கியபோது எழுதும் அறையில் யாரும் நிலைக்கவில்லை, வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1988இல் அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு. இரண்டாம் சீசன் 26க்குப் பதில் 22 பகுதியோடு நின்றது. மூன்றாம் சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்துக்குத் தலைமை ஏற்றார். வெளியாள் யார் கதை அனுப்பினாலும் படிப்போம் என்று கதவைத் திறந்து வைத்தார். ரொனால்டு மூர் உள்ளே வந்தது அப்படித்தான். நடிகர்கள் பெரும்பாலும் பழையவர்களே, ஆனால் தொடர் எழுந்து உட்கார்ந்தது அங்கேதான்.

திருப்பூர் பாஷையில் சொன்னால் நடிகர் துணியின் கலர், எழுத்தாளர் கட்டிங் மாஸ்டர். மாஸ்டர் மாறினால் அளவே மாறிப்போகும்.

திருப்பூர், பனியன் கம்பெனி வைத்திருப்பவர்: எங்க தொழிலை வைத்தே எங்களை மடக்காதீங்க. வாங்குகிறவன் கட்டிங் மாஸ்டரையா பார்க்கிறான்? கலரைத்தான் பார்க்கிறான். பாபிலோன் 5 என்ற விண்வெளி நிலையத் தொடரில் எழுத்தாளர் மாறவே இல்லை. நிலையத் தலைவர் கமாண்டர் சின்க்ளேர் போய் ஷெரிடன் வந்ததும் என் ஆர்வம் போச்சு. இதற்கு என்ன சொல்றீங்க?

நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். 110 பகுதிகளில் 92, தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதியது. மூன்றாம், நான்காம் சீசன் முழுக்க அவர் கைதான். எழுத்தாளர் மாறவில்லை, முதல் சீசன் முடிவில் சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் போய் ஷெரிடனாக புரூஸ் பாக்ஸ்லைட்னர் வந்தார். ஆனால் உங்கள் ஆர்வம் போனதற்குக் காரணம் நீங்கள் முதலில் சின்க்ளேரைப் பார்த்ததுதான். எனக்குச் சிங்கப்பூரில் இருந்து சித்தப்பா மகன் அனுப்பிய கேசட்டுகளில் முதல் சீசன் இல்லை. நான் பார்த்த முதல் தலைவர் ஷெரிடன். பல வருஷம் கழித்துச் சின்க்ளேரைப் பார்த்தபோது, யார் இந்த ஆள், என்ன இப்படி விறைப்பாக நிற்கிறார் என்றுதான் தோன்றியது. முதலில் பார்த்த முகம்தான் நம் ஆள். அது ரசனை இல்லை, பழக்கம்.

பெருந்துறை: டாக்டர் ஹூ பார்க்க ஆசை. எதில் ஆரம்பிப்பது?

பவானிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கரூர், ஆசிரியை: பாபிலோன் 5இல் இவானோவா ஐந்தாம் சீசனில் இல்லை, ஆனால் கடைசிப் பகுதியில் வந்து நிற்கிறாள். என்ன குளறுபடி?

அம்மணி கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள். நான்காம் சீசன் எடுக்கும்போது ஐந்தாவது வருமா என்றே தெரியாது. அதனால் மொத்தக் கதைக்குமான முடிவுப் பகுதியை நான்காம் சீசனோடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டார்கள். அப்புறம் வேறு சேனல் ஐந்தாம் சீசனுக்குக் காசு கொடுத்தது. முடிவைத் தூக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, நான்காவதற்கு வேறொரு கடைசிப் பகுதி எடுத்துச் சேர்த்தார்கள். இடையில் இவானோவாவாக நடித்த கிளாடியா கிறிஸ்டியன் விலகி, டிரேசி ஸ்காகின்ஸ் புதுப் பாத்திரமாக வந்தார். ஒரு வருஷம் வேலை பார்த்தவர் கடைசிப் பகுதியில் இல்லை, போனவர் இருக்கிறார். ஏன் போனார் என்பதில் இரு தரப்பும் சொல்வது ஒத்துப்போகவில்லை. அதனால் நான் எந்தப் பக்கமும் இல்லை.

நாமக்கல்: டெனன்ட்தான் பெஸ்ட் டாக்டர். சரிதானுங்களே?

மேலே முதல் பத்தியைப் படிக்கவில்லை.

உடுமலை: ஸ்டார்கேட்டில் டேனியல் போய் ஜோனஸ் வந்தது?

ஆறாம் சீசன் மட்டும். டேனியலாக நடித்த மைக்கேல் ஷாங்க்ஸ் ஏழாவதில் திரும்பிவிட்டார். ஜோனஸாக வந்த கோரின் நெமெக் ஒரு குறையும் வைக்கவில்லை, பாவம், வாடகை வீட்டுக்காரர் மாதிரி நடத்தினார்கள். எட்டாவதோடு நாயகன் ரிச்சர்ட் டீன் ஆண்டர்சன் முழுநேரப் பொறுப்பிலிருந்து போன பிறகும் இன்னும் இரண்டு சீசன் ஓடியதே.

கோவை: டிராகன் வரும் தொடர்கள் பற்றியும் பதில் சொல்வீர்களா?

இல்லை. விண்கலம் வேண்டும்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று அட்டை போட்டுவிட்டு நேராகப் போய்விடுகிறார்கள். அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

ஐயா, எனக்கு அந்த அட்டை மேல் மரியாதை உண்டு. பொய் சொல்லவில்லை, பார்க்கிறவரை மடையராக்கவில்லை. ஸ்டார் ட்ரெக்கில் இதைக் கதைக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனில் டாக்ஸ் என்பது ஒரு உடம்புக்குள் வாழும் இன்னொரு உயிர். 1998இல் அந்த வேடத்தில் இருந்த டெர்ரி ஃபாரெல் போனதும் உடம்பு செத்தது, உள்ளே இருந்த உயிர் நிக்கோல் டி போயருக்கு மாறியது. அட்டையும் அதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணன்மார் கதைக்கு உடுக்கை அடிப்பார்கள். இரவு ஏற ஏறப் பாடுகிறவர் தொண்டை கட்டிவிடும், பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். குரல் மாறியது என்று யாரும் எழுந்து போனதில்லை. ஆனால் ஒருவர் வரிசை மாற்றிப் பாடியபோது பாட்டிமார் சண்டைக்கே போய்விட்டார்கள். பொள்ளாச்சிக்குச் சொன்ன பதில் இதுதான்.

கோவை: ஜோடி விட்டேகர் வந்துதானே டாக்டர் ஹூ கெட்டது?

2018இல் நடிகர் மட்டும் மாறவில்லை தம்பி. ஸ்டீவன் மொஃபட் போய் கிறிஸ் சிப்னல் தலைமை எழுத்தாளர் ஆனார். ஹார்ட்னலுக்கு முன்னாலேயே டாக்டருக்குப் பல பிறவிகள் உண்டு என்று 2020இல் எழுதியது சிப்னல். பிடிக்கவில்லை என்றால் கடிதத்தைச் சரியான விலாசத்துக்குப் போடுங்கள். அந்த அம்மாள் கொடுத்த வசனத்தைப் பேசினார், அவ்வளவுதான். அடுத்த கேள்வி 2025 பற்றி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டராக இருந்த நுசூட்டி கட்வா மாறி பில்லி பைப்பர் முகம் தெரிந்தது. அவர்தான் டாக்டர் என்று திரையில் பெயர் போடவில்லை.

திருப்பூர் மறுபடியும்: பழக்கம் என்று தள்ளிவிட்டீங்க. சரி, சின்க்ளேர் நடிகரை ஏன் துரத்தினார்கள்? நடிப்பு சரியில்லை என்று சேனல்காரர் நெருக்கினார் என்று அன்றைக்கே எல்லாரும் பேசினார்கள்.

இதனால்தான் கதை கட்டாதீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை வறளக் கத்துகிறேன். யாரும் துரத்தவில்லை.

முதல் சீசன் எடுக்கும்போதே ஓ'ஹேருக்கு மனநோய் முற்றிவிட்டது. இல்லாததை இருப்பதாக நினைத்துப் பயப்படும் நிலை. ஸ்ட்ராசின்ஸ்கி, படப்பிடிப்பைச் சில மாதம் நிறுத்துகிறேன், வைத்தியம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். நிறுத்தினால் மற்றவர்கள் வேலை போகும் என்று ஓ'ஹேர் மறுத்துவிட்டு, அந்த நிலையிலேயே சீசனை முடித்துக் கொடுத்தார். சுமுகமாக விலகினார். என் சாவு வரை இந்த ரகசியத்தைக் காப்பேன் என்றார் எழுத்தாளர். உன் சாவு வரை வேண்டாம், என் சாவு வரை காத்தால் போதும், அப்புறம் சொன்னால் யாருக்காவது உதவும் என்றார் நடிகர். 2012 செப்டம்பரில் அவர் இறந்தார். 2013இல்தான் ஸ்ட்ராசின்ஸ்கி வாயைத் திறந்தார். கிட்டத்தட்ட இருபது வருஷம் ரசிகர்கள் 'துரத்தினார்கள்', 'நடிக்கத் தெரியாது' என்று பேசியதை இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விறைப்பாக நிற்கிறார் என்று மேலே எழுதினேனே, அதில் நானும் சேர்த்திதான். அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

எழுத்தாளர் மாறாததால்தான் கதை சிதறாமல் இதைச் சமாளிக்க முடிந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் யாராவது திடீரென்று போனால் கதை தப்பிக்க ஒரு வழியை ஸ்ட்ராசின்ஸ்கி முதலிலேயே யோசித்து வைத்திருந்தார். சின்க்ளேர் கதை பாதியில் நிற்கவில்லை. ஓ'ஹேர் தேறி 1996இல் திரும்பி வந்து அதை முடித்துக் கொடுத்தார்.

சென்னிமலை: அண்ணா, டாக்டர் ஹூ முதலில் எது...

பவானி. பெருந்துறை. இப்போது சென்னிமலை. ஈரோடு மாவட்டம் முழுக்க இதே கேள்வி.

திருப்பூர், கடைசிச் சீட்டு: அவர் திரும்பி வருவது எந்தப் பகுதிங்க? நான் இரண்டாம் சீசனிலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாம் சீசன், 'வார் வித்அவுட் எண்ட்', இரண்டு பகுதி. நேராக அங்கே தாவாதீர்கள், ஒன்றும் புரியாது. விட்ட இடத்திலிருந்து வாருங்கள். டிவிடி பெட்டி என்னிடம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு பேக்கரிக்குக் கொண்டு வருகிறேன். நான்காம் சீசனில் இரண்டாவது தட்டு மட்டும் இல்லை. போன பொங்கலுக்கு வாங்கிப் போனவர் யார் என்று அவருக்கே தெரியும்.