பெர்ல் செயலிகளின் கான்ஃபிக் கோப்புகள்: கேள்வி-பதில்

கேள்வி: மோஜோலிசியஸ் (பெர்லில் இணையச் செயலி எழுதும் கட்டமைப்பு) செயலியின் கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புகள் உள்ள கோப்பை, திருத்தினேன். பக்கத்தில் பழைய மதிப்பே வருகிறது.

பதில்: செயலி தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் அந்தக் கோப்பு வாசிக்கப்படும். சர்வரை மறுபடி தொடங்குங்கள். கோப்பு மாறினால் தானே மறுபடி தொடங்கும் மார்போ சர்வரை நம்பியிருந்தால், அது வழக்கமாகக் கவனிப்பது செயலியின் ஸ்கிரிப்ட், லிப், டெம்ப்ளேட்ஸ் கோப்புறைகள் ஆகியவற்றை மட்டுமே. வாட்ச் விருப்பத்தில் கான்ஃபிக் கோப்பையும் கொடுங்கள். கூடவே லிப், டெம்ப்ளேட்ஸ் இரண்டையும் கொடுக்க மறக்காதீர்கள். விட்டால் அவற்றைக் கவனிப்பது நின்றுவிடும்.

கேள்வி: கடவுச்சொல்லில் @ இருக்கிறது. கோப்பு ஏறவே மறுக்கிறது.

பதில்: ஒற்றை மேற்கோள் போடுங்கள். மோஜோலிசியஸின் கான்ஃபிக் கோப்பு பெர்ல் நிரல்தான். இரட்டை மேற்கோளுக்குள் @ வந்தால் பெர்ல் அதை அணியின் (array) பெயராக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: புரொடக்‌ஷன் கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மட்டும் எழுதினேன். ஹோஸ்ட், போர்ட் இரண்டும் காணாமல் போயின.

பதில்: பொதுக் கோப்பையும் சூழலுக்கான கோப்பையும் இணைக்கும்போது மோஜோலிசியஸ் மேல்மட்டச் சாவிகளை மட்டுமே ஒன்றுசேர்க்கும். உள்ளே இருக்கும் ஹாஷ் (சாவி-மதிப்புத் தொகுப்பு) முழுதாக மாற்றப்பட்டுவிடும். டேட்டாபேஸ் பகுதி முழுவதையும் எழுதுங்கள். கேட்டலிஸ்ட் என்ற இன்னொரு பெர்ல் கட்டமைப்பில் லோக்கல் கோப்பு உள்ளடுக்குகள்வரை இணையும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: டான்சர்2 (இன்னொரு பெர்ல் கட்டமைப்பு) கான்ஃபிக் வேலை செய்யவில்லை. உடனே உதவவும்.

பதில்: பிழைச் செய்தி எங்கே? எந்தக் கோப்பு, எந்தச் சூழல்? எதுவுமே எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. டான்சர்2 கான்ஃபிக் எழுதப்படும் யேமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இடைவெளி மட்டுமே செல்லும்.

கேள்வி: கான்ஃபிக் கோப்பு எவரும் பார்க்கக்கூடிய கிட் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்துக்குள் போய்விட்டது. அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. பழைய கமிட்டில் கடவுச்சொல் அப்படியே கிடக்கிறது. களஞ்சியத்தை நகலெடுத்தவர் எவரும் அதைப் படிக்கலாம். கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்ப்பதும் ஏற்கெனவே பதிவான கோப்பைக் காப்பாற்றாது. முதலில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு.

செஷன் குக்கிகளில் (லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் குக்கிகள்) கையெழுத்திட மோஜோலிசியஸ் பயன்படுத்தும் சீக்ரெட்ஸ் பட்டியலும் அந்தக் கோப்பில் இருந்ததா? அப்படியானால் செஷன் குக்கியை எவரும் போலியாகக் கையெழுத்திட்டு நிர்வாகியாக நுழையலாம். வழக்கமான மாற்றத்தில் புதியதை முதலில் வைத்து, பழையதைச் சில காலம் பின்னால் விட்டுவைப்போம். கசிந்துவிட்டால் பழையதை அன்றே தூக்கிவிட வேண்டும். எல்லோரும் மறுபடி லாகின் செய்ய நேரும், செய்யட்டும். சீக்ரெட்ஸ் அமைக்காமலே விட்டால் செயலியின் பெயரே ரகசியமாகிவிடும், அதை ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? நான் பரிசோதித்த ஒரு நிறுவனத்தின் செயலியில், அதை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை சுமார் 2 ஆண்டுகளாக லாகில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருவரும் படிக்கவில்லை.

உண்மையான கோப்பைக் களஞ்சியத்துக்கு வெளியே, 600 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) வையுங்கள். மோஜோ_கான்ஃபிக் சூழல் மாறியில் அதன் பாதையைக் கொடுங்கள். களஞ்சியத்தில் மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பு போதும்.

கேள்வி: பிழை வந்தால் பயனருக்கு உள்விவரமெல்லாம் தெரிகிறது.

பதில்: செயலி டெவலப்மென்ட் மோடில் ஓடுகிறது. மோஜோலிசியஸின் சர்வர்களில் ஹிப்னோடோட் தானாகவே புரொடக்‌ஷனுக்குப் போகும்; டீமன் போகாது. மோஜோ_மோட் மாறியில் புரொடக்‌ஷன் என்று கொடுங்கள். கொடுத்தபின் சர்வரை மறுபடி தொடங்குங்கள்.