குழந்தையின் கழுத்து ஒரே பக்கம் சாய்ந்திருப்பது ஏன்?

ஒன்றரை மாதக் குழந்தை தலையை எப்போதும் வலப்பக்கமே சாய்த்திருப்பதாகவும், கழுத்தின் அதே பக்கத்தில் சிறு கட்டி தட்டுப்படுவதாகவும், அது புற்றுநோயோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை பெரும்பாலும் டார்ட்டிகோலிஸ் எனப்படும் பிறவிக் கழுத்துச் சாய்வின் அடையாளங்கள். ஆயினும் குழந்தைநல மருத்துவர் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

காதின் பின்புற எலும்பிலிருந்து காறை எலும்புக்கும் மார்பெலும்புக்கும் இறங்கும் தசை ஒரு பக்கம் மட்டும் இறுகிக் குறுகிவிடுவதால், தலை அப்பக்கம் சாய்ந்து, முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. கருப்பையில் ஏற்பட்ட இடநெருக்கடியோ கடினமான பிரசவமோ இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நீங்கள் தூக்கிய விதத்தால் வந்ததல்ல. இதில் தட்டுப்படும் கட்டி புற்றுநோயல்ல, தசைக்குள் திரண்ட நார்த்திசு. பிறந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் தோன்றி, சில மாதங்களில் தானே கரையும் என்பதால், அதை அழுத்தி உருவிவிடாதீர்கள். கட்டி இத்தகையதுதானா என்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடும்.

பிசியோதெரபிஸ்ட் நேரில் கற்றுத்தரும் நீட்டல் பயிற்சிகளே முதன்மைச் சிகிச்சை. மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் மிக நல்ல பலன் கிடைக்கும். உங்கள் குழந்தை இடப்பக்கமே பார்த்துப் பழகியிருக்கும். ஆகவே பேசும்போதும் கிலுகிலுப்பை ஆட்டும்போதும் அதன் வலப்பக்கம் இருங்கள். விழித்திருக்கையில் உங்கள் கண்பார்வையில் குப்புறப் படுக்க வையுங்கள்; ஒரே பக்கம் படுப்பதால் தலை தட்டையாவதும் குறையும். இடுப்பு மூட்டுக் குறைபாடும் சில குழந்தைகளுக்குச் சேர்ந்திருப்பதால், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஓராண்டுக்குப் பிறகும் தசை தளராத சிலருக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது.

திடீரெனத் தோன்றிய சாய்வு, காய்ச்சல், தொடர் வாந்தி, கண்களின் அசாதாரண அசைவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.