கூட்டத்தின் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட விலக்கு வாங்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் மக்களின் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடச் சிறப்பு விலக்கு தருகிறார்களாம். அதேபோல் கொடைக்கானல் பக்கம் பூம்பாறைத் தேரோட்டத்தைக் கூட்டத்துக்கு நேர் மேலிருந்து படமெடுக்க இங்கே யாரிடம் விலக்கு கேட்க வேண்டும்?

நீங்கள் தேடும் விலக்குக்கென்று தனியாக ஒரு விண்ணப்பப் படிவமோ கவுன்டரோ நம் நாட்டில் இல்லை. கொடைக்கானலில் திருமணங்களையும் மேல்மலைக் கிராமங்களின் திருவிழாக்களையும் படம்பிடிப்பது என் தொழில். ட்ரோன் ஓட்டுவதற்கான சான்றிதழும் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத விழாக் கமிட்டி இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ‘பகுதி 107’ விதிகள், ட்ரோன் இயக்கத்தில் நேரடியாகப் பங்கு பெறாத ஒருவர் கூரைக்கு அடியிலோ நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள்ளோ இல்லாவிட்டால், அவர் தலைக்கு மேல் ட்ரோன் போகக் கூடாது என்று தடுத்தன. அந்தத் தடையிலிருந்துதான் விலக்கு. அதைக் கேட்பவர் “நான் கவனமாக ஓட்டுவேன்” என்று எழுதிக் கொடுத்தால் போதாது. மோட்டார் நின்று ட்ரோன் விழுந்தால், அடியில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதைச் சோதனை முடிவுகளோடு காட்ட வேண்டும். 2019இல் ஒரு கட்டுமான நிறுவனம், ஃபேன்டம் 4 ட்ரோனில் தானே விரியும் பாராசூட்டைப் பொருத்தி, அந்தப் பாராசூட் தரச் சோதனையில் தேறியதைக் காட்டித்தான் விலக்கு பெற்றது. 2021 ஏப்ரலில் விதிகள் திருத்தப்பட்டு, நான்கு வகை ட்ரோன்கள் நிபந்தனைகளோடு, விலக்கு இல்லாமலே தலைக்கு மேல் போகலாம் என்றான பிறகு இந்த அலைச்சல் பெரிதும் குறைந்துவிட்டது. தோலைக் கிழிக்கும்படி சுழலும் பாகம் வெளியே இல்லாத, 250 கிராமுக்கு மிகாத ட்ரோன் முதல் வகை. அதைவிடக் கனமானவற்றை, விழுந்தால் உண்டாகும் காயத்தை வைத்துப் பிரித்தார்கள்: ஏறத்தாழ 15 ஜூல் ஆற்றலுடன் ஒரு கடினமான பொருள் மோதினால் ஏற்படும் காயத்தைத் தாண்டாதது இரண்டாம் வகை, 34 ஜூல் வரை மூன்றாம் வகை. மூன்றாம் வகையைத் திறந்தவெளிக் கூட்டத்தின் மேல் அங்கேயும் பறக்கவிட முடியாது. நான்காம் வகைக்கு விமானங்களைப் போலவே பறக்கும் தகுதிச் சான்று வேண்டும்.

நம் ஊரில் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் எடையையும் வான்வெளி வரைபடத்தையும் வைத்தே பேசுகின்றன. வரைபடத்தில் பச்சையாகக் குறித்த பகுதியில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை என்று படித்துவிட்டு, அப்படியானால் கூட்டத்தின் மேலும் போகலாம் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. மக்கள் திரண்டிருக்கும் இடங்களின் மேலும் பொது நிகழ்ச்சிகளின் மேலும் அனுமதியின்றிப் பறக்கவிட வேண்டாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2018லேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஒருவருக்கு அடிபட்டால், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியச் செயலுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு காத்திருக்கிறது. பதிவு எண் எல்லா ட்ரோனுக்கும் வேண்டும். 250 கிராமுக்கு மேல் போனால் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். அந்த எடையில் கூலி வாங்கிப் படமெடுத்தால் ஓட்டுநர் சான்றிதழும் சேர்ந்துகொள்ளும். கோயில் செயல் அலுவலரின் கடிதமும் காவல் நிலைய முத்திரையும் விழாவில் உங்களை யாரும் தடுக்காமலிருக்க உதவும், அவ்வளவுதான்.

எடைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 900 கிராம் ட்ரோன் 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையைக் கழிக்காமல் பார்க்கையில், மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஆற்றல் 260 ஜூலுக்கு மேல். பாராசூட் கட்டலாமே என்பீர்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், அதே பாராசூட் இங்கே பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் இறங்கும். சமவெளிச் சோதனைத் தாளை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாது.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு; அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மேல்மலையில் ஒரு கிராமத் திருவிழா. கோயில் வாசலில் ட்ரோனை எழுப்பி, மேடேறும் தெருவைத் தொடர்ந்து தேரின் பின்னால் கொண்டுபோனேன். ரிமோட் திரை 30 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது என்பதும், தெரு அதற்குள் இருபது மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது என்பதும், மாடியில் குழந்தையோடு நின்ற ஓர் அக்கா முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு குனிந்தபோதுதான் என் மண்டையில் ஏறியது. பதறித் திருப்புவதற்குள் மூடுபனி இறங்கித் தெருவையே மறைத்துவிட்டது. கடைசியில் ஒரு பூண்டுப் பாத்தியில் இறக்கினேன். இரண்டு இறக்கைகள் போயின. அந்த அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை, “தம்பி, அது கீழே விழுமா?” என்று மட்டும் கேட்டார். அன்றோடு கூட்டத்தின் மேல் பறக்கவிடுவதை நிறுத்திவிட்டேன்.

பூம்பாறைக்கு என் யோசனை இது. குழந்தை வேலப்பர் தேருக்கு முன்னும் பின்னும் வடம் பிடிப்பதே தெருவின் சரிவுக்காகத்தான். நேர் மேலிருந்து எடுத்தால் அந்தச் சரிவு படத்தில் தட்டையாகிவிடும், பின்வடம் பிடிப்பவர்கள் எதற்காகச் சாய்ந்து நிற்கிறார்கள் என்பதே தெரியாது. எதிர்ச்சரிவில் ஆளில்லாத படிக்கட்டு வயலிலிருந்து, நில உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு எழுப்புங்கள். கூட்டத்தின் விளிம்பிலிருந்து, ட்ரோனுக்கும் தரைக்கும் உள்ள உயரத்துக்குக் குறையாத தூரம் தள்ளியே நிறுத்துங்கள். வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சரணாலயக் காடு இருப்பதால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது அவசியம். நீலகிரிக்குப் போனால் வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவ இடங்கள் இருப்பதால், வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோன் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

நேர் மேலிருந்து ஒரு காட்சி வேண்டும் என்று கமிட்டி பிடிவாதம் பிடித்தால், தேர் நிலைக்கு வந்து எல்லோரும் அன்னதானப் பந்திக்குப் போன பிறகு தெரு காலியாகும் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறேன்; தெருவில் வடம் இழுபட்ட தடத்தோடு தேர் மட்டும் நிற்கும்.