படிக்கிறவர் எழுதத் தொடங்கும்போது: கேள்வி பதில்

சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே, இருபது ஆண்டுகளுக்கு மேல் கிளை நூலகத்தின் அலமாரிகளைப் படித்துத் தீர்த்த பிறகு, நாற்பத்து மூன்றாம் வயதில்தான் என் முதல் சிறுகதையை எழுதினேன். அத்தனை ஆண்டுகளும் ஆசை இருந்தது, துணிவுதான் இல்லை. அந்தத் தயக்கத்தை உள்ளே இருந்து அறிந்தவன் என்பதால் இக்கேள்விகளுக்கு விடை சொல்ல ஒப்புக்கொண்டேன்.

கேள்வி (தேனி): ஐயா, பள்ளி நாள்களிலிருந்து படிக்கிறேன். ஆனால் நான்கு பத்தி எழுதியதும் எடுத்துப் படித்துப் பார்த்து, வெட்கப்பட்டுக் கிழித்துவிடுகிறேன். நல்ல எழுத்தைப் படித்ததே எனக்குத் தடையாகிவிட்டதா?

பதில்: தடையாகவில்லை; வேளை தவறி வந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம், ஆனால் அந்த ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது உலை கொதித்து அரிசி வெந்து வரும் நேரத்தில்தான். அரிசியைக் களையும்போதே ஒன்றை வாயில் போட்டு, வேகவில்லை என்று பானையோடு கொட்டிவிடுகிற வேலையைத்தான் நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் செய்தேன். நூலகத்தில் நாம் எடுத்துவரும் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் இருக்காது. எழுதியவர் எத்தனை பக்கங்களை எறிந்தார், எந்த வரியை எத்தனை முறை மாற்றினார் என்பதை அச்சு மறைத்துவிடுகிறது. அவருடைய கடைசிப் படியை நம்முடைய முதல் படியின் அருகில் வைத்துப் பார்த்தால் நம்முடையது அற்பமாகத்தான் தெரியும்.

எனக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். கதை முடியும்வரை முந்தைய பக்கத்தைத் திருப்பாதீர்கள். முடித்ததும் ஒரு மாதம் பீரோவில் வைத்துவிட்டு, பிறகு எடுத்து இடப்பக்கத்தில் திருத்துங்கள். உங்களுக்குள் இருக்கும் அந்தக் கண்டிப்பான வாசகர் அப்போது வரட்டும். அவரைப்போல் நல்ல துணை வேறில்லை. எந்த வரி பொய் சொல்கிறது என்பது, நிறையப் படித்தவருக்குக் காதில் விழுந்துவிடும்.

கேள்வி (திருநெல்வேலி): எனக்கு ஐம்பத்தொரு வயது. இனிமேல் தொடங்குவது நகைப்புக்கு இடமாகாதா?

பதில்: உங்கள் பக்கத்து மண்ணிலிருந்தே இரண்டு பேரைக் காட்டுகிறேன். இடைசெவல் கிராமத்து விவசாயி கி. ராஜநாராயணனின் முதல் சிறுகதை 1950களின் இறுதியில் அச்சானபோது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார்; பள்ளிப் படிப்பையே முடிக்காத அவரைப் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. 1944இல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த வணிகரான தோப்பில் முகம்மது மீரானின் முதல் நாவல் 1988இல்தான் புத்தகமாயிற்று. 1997இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். அப்போது இருவரும் உங்களைவிட இளையவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம், கேட்பது நியாயமும்கூட. நான் சொல்ல வருவது வயதுக் கணக்கை அன்று. எழுதாமல் இருந்த ஆண்டுகளில் அவர்கள் காதில் விழுந்த பேச்சும் கண்ணில் பட்ட மனிதர்களும்தான் பிறகு கதைகளாயின. உங்களுக்கு அந்தச் சேமிப்பு ஐம்பத்தொரு ஆண்டுகள் இருக்கிறது.

கேள்வி (பெங்களூரு): நான் ஆங்கில வழியில் படித்தவள். கதை மனத்தில் இருக்கிறது, ஆனால் ஒற்றுப்பிழைக்குப் பயந்து எழுதாமல் இருக்கிறேன்.

பதில்: பிழைக்குப் பயந்து கதையை நிறுத்த வேண்டாம், எழுதி முடித்த பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் இரண்டை மட்டும் பழகுங்கள். ஐ, கு என்னும் உருபுகள் வெளிப்படையாக வரும் இடத்தில், அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: கதையைப் படித்தேன், ஊருக்குப் போனேன். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னும் மிகும், ஆனால் வந்த, போன போன்ற பெயரெச்சங்களின் பின் மிகாது: அந்தப் பையன், வந்த பையன். கண்ணில் படும் பிழைகளில் பெரும்பகுதி இவ்விரண்டிலேயே சரியாகிவிடும்.

கேள்வி (குமாரபாளையம்): யாரைப் படிக்கிறேனோ அவருடைய நடையே என் கதையில் வந்துவிடுகிறது. எனக்கென்று ஒரு குரல் இல்லையோ என்று அஞ்சுகிறேன். பகலில் விசைத்தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காததால், பக்கத்தில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம்.

பதில்: கேள்வியின் கடைசி வரியில் நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள். அந்த வரியை எவரிடமிருந்தும் இரவல் வாங்க முடியாது. பாவு, ஊடை, தார், நாடா என்று நீங்கள் நாள் முழுதும் புழங்கும் சொற்கள் நீங்கள் வியந்து படிக்கும் எழுத்தாளரிடம் இல்லாமல் இருக்கலாம். உதட்டைப் படித்தே பழகிய ஒருவர், வீட்டின் அமைதியில் மனைவி பேசும்போதும் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். பிறர் நடை ஒட்டிக்கொள்வது தொடக்கத்தில் இயல்பு. அவர்கள் அறியாத இடத்துக்கு நீங்கள் போகும்போது அது தானாகவே உதிரும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காக அங்கேயே போய் அவர்களோடு பழக வேண்டியிருந்தது. நீங்களோ தறியின் முன்னால்தான் நிற்கிறீர்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம்): என்னை எழுதத் தூண்டுவதெல்லாம் என் குடும்பத்தில் நடந்தவை. எழுதினால் அம்மா மனம் நோகும். எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். எழுதுவதும் வெளியிடுவதும் வேறு வேறு முடிவுகள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பதால்தான் மூச்சு முட்டுகிறது. முதல் படியை யாருக்கும் காட்டப் போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, பெயர்களைக்கூட மாற்றாமல் எழுதிவிடுங்கள். அடுத்த படியில், ஆளை மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் உறவினர்கள் ஒரே பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழிலையும் ஊரையும், முடிந்தால் ஆணைப் பெண்ணாகவும் மாற்றிப் பாருங்கள். அப்படி மாற்றும்போது, நமக்குத் தீங்கு செய்தவர் என்று நினைத்திருந்தவரின் பக்கத்து நியாயமும் எழுத்தில் வந்து சேர்வதை நான் கண்டிருக்கிறேன். என் தந்தையைப் பற்றிய கதையில் அவரை ஒரு மூத்த அக்காளாக மாற்றி எழுதியபோதுதான், அவர் மீது எனக்கிருந்த கோபம் எவ்வளவு பழையது என்று தெரிந்தது. புனைபெயர் வைத்துக்கொள்வதில் இழுக்கும் இல்லை. கவிஞர் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய காலத்தில் வைத்துக்கொண்ட புனைபெயரால்தான் இன்றும் அறியப்படுகிறார். ஆனாலும் அம்மாவின் ரகசியம் ஒன்று அவரை மட்டுமே சேர்ந்ததாக இருந்தால், அதை அவர் காலம்வரை பீரோவிலேயே வைத்திருப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி (சேலம்): பத்திரிகைக்கு அனுப்பிய இரண்டு கதைகளுக்கும் பதிலே வரவில்லை. கைவிட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பிரசுரமாகாத கதைக்குப் பதில் எழுதும் வழக்கம் பல இதழ்களில் இல்லை. அந்த மௌனத்தை உங்கள் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பும் பத்திரிகையின் சில இதழ்களைப் படித்துவிட்டு அனுப்புங்கள், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பாதீர்கள், பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். காத்திருக்கும் நாள்களில் மூன்றாவது கதையை எழுதுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): என் முதல் கதையின் தொடக்கம் இது: "மாலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைச் சுருக்கிக்கொண்டு மேற்கில் மறைந்தான். பாட்டியின் உள்ளத்தில் சோகம் ஆழிப்பேரலையாய் எழுந்தது." தாத்தா இறந்த பிறகு பாட்டி எப்படி இருந்தார் என்பதுதான் கதை. பல் போன தாத்தாவுக்குத் தினமும் நான்கு மணிக்குச் சிறிய உரலில் வெற்றிலை இடித்துக் கொடுப்பார். இந்தத் தொடக்கம் சரியா?

பதில்: கதிரவனும் பேரலையும் நீங்கள் எங்கோ படித்தவை. அச்சம் மிகும்போது, ஏற்கெனவே அச்சேறிய சொற்களின் பின்னால் போய் நின்றுகொள்கிறோம். என் முதல் கதையிலும் நிலா இருந்தது. ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே உரல் இருக்கிறது. "தாத்தா போன பிறகும் நான்கு மணிக்குப் பாட்டி உரலை எடுத்தாள். இடித்த வெற்றிலையைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பற்கள் எல்லாம் இருந்தன." உண்மையில் அவர் அப்படிச் செய்தாரா என்று நான் அறியேன், அது நீங்கள் சொல்ல வேண்டியது. சோகம் என்ற சொல் இல்லாமலேயே இந்த மூன்று வரிகளில் அது இருக்கிறதா என்று உரக்கப் படித்துப் பாருங்கள். இதுவரையிலான வாசிப்பு உங்கள் காதுக்குத் தந்த பயிற்சி அதற்குப் போதும். இன்னொன்றையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அந்த உரல் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? கதையை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், அதில் தெரிந்துகொள்கிறேன்.